கறுப்பு பார்டர்

ஆள் உயரச் சாவு மாலையோடு காப்பிக்கடை வாசலில் வந்து நின்றார் தனக்கோடி.

உள்ளே மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, வெள்ளை வேட்டி போர்த்திப் படுத்திருந்தான் அவர் மகன் பாரி. நாடகம்தான்.

சனிக்கிழமை சாயந்திரமானால் பாரியின் கடையில் காப்பியோடு நவீன நாடகமும் உண்டு. போன மாதம் ஒருத்தர் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றார். பார்த்தது நாலு பேர். அதில் இரண்டு பேர் காப்பிக்கு வந்தவர்கள். நான் வேவு பார்க்க.

போஸ்டரெல்லாம் பாரியே கையால் வரைவான். இந்த முறை சுற்றிலும் கறுப்பு பார்டர். நடுவில் கண் மூடிய அவன் முகம். கீழே குத்துவிளக்கு. ‘போய் வருகிறேன்’, சனி மாலை ஆறு மணி, கடை விலாசம்.

எங்கள் ஊர்ச் சுவரில் இப்படி ஒன்றைப் பார்த்தால் எவனாவது நாடகம் என்று நினைப்பானா? மத்தியானத்துக்குள் வாட்ஸ்அப்பில் வேப்பூர் வரை போய்விட்டது. அனுப்பியது யார் என்று கேட்காதீர்கள்.

வேப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பாரியின் அத்தை பூவாயி நேரே அவன் காலடியில் உட்கார்ந்து, மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார். புது நடிகை போல என்று மற்ற நடிகர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். அப்படியொரு கைதட்டலை அந்தக் கடை கண்டதில்லை.

ஆனால் தெருவே பார்த்தது தனக்கோடியைத்தான். தன் பீங்கான் சூளையை விட்டுவிட்டுக் காப்பிக்கடை போட்டான் என்று மகனோடு மூன்று வருஷமாகப் பேச்சில்லை. அந்தக் கடையில் கால் வைத்தால் அது அவன் சாவுக்குத்தான் என்று நடுத்தெருவில் கத்தியவர். சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர் வேறு.

படியேறினார். மாலையைப் பாரியின் நெஞ்சில் வைத்தார்.

பாரி ஒரு கண்ணைத் திறந்தான். பூவாயி அத்தையின் ஒப்பாரி பாதியில் நின்றது.

“கண்ண மூட்றா. நீ உசுரோட இருந்தா நான் வெளிய போவணும்.”

மூடிக்கொண்டான். உதட்டுச் சிரிப்புதான் அடங்கவில்லை.

தனக்கோடி முதல் வரிசையில் உட்கார்ந்து காப்பி வாங்கிக் குடித்தார். பீங்கான்காரர் இல்லையா, கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். வேறு சூளைச் சரக்கு. முகத்தைச் சுளித்தார். இன்னொரு காப்பி கேட்டார்.

போஸ்டரை நம்பி ஓடிவந்த மனுஷன், பாவம் என்று தெருவே உருகியது. மரியாதைக்கு நானும் உருகினேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஊரிலேயே அந்தப் போஸ்டர் ஒன்றே ஒன்றுதான். அன்று விடிகாலையில் பாரியே ஒட்டினான், அப்பா வீட்டு எதிர்ச்சுவரில். நான் பால் வாங்கப் போயிருந்தேன். தனக்கோடி வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

போஸ்டர் கொஞ்சம் கோணல். இடது பக்கம் தூக்கு என்று பேப்பருக்கு மேலே ஒரு விரல் மட்டும் நீண்டது.

பாரி தூக்கி ஒட்டினான்.