எது கூடிய சத்தம்?

கண்ணாடி அறைக்குள் தகரப்பட்டறைக்காரர் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கிறார். காது சோதிக்கும் பெண் ஒரே மாதிரியான இரண்டு ஒலிகளைப் போட்டு, இரண்டாவதை இம்மியளவு கூட்டுகிறாள். அவர் விரல் சட்டென்று உயர்கிறது. இன்னும் குறைவாகக் கூட்டினாலும் உயர்கிறது.

"துளி வித்தியாசத்தையும் இவர் மூளை பிடிச்சிடுது. காதுல ஒரு குறையும் இல்லைக்கா," என்று பக்கத்தில் நிற்கும் அவர் மனைவியிடம் சிரிக்கிறாள்.

மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. பத்துத் தரம் கூப்பிட்டாலும் திரும்பாத மனுஷனை, பாவம், தகரம் தட்டித் தட்டிக் காது மந்தமாகிவிட்டது என்று அவள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். தனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறாள்.

அவர் வெளியே வருகிறார். "என்னவாம்?"

அவள் வழக்கம்போலத் தொண்டையைத் திறந்து கத்துகிறாள்: "சரியா கேக்கலையாம்!"