நடுச்சுவர்

அந்த இதயம் உண்மையில் கடுகளவுதான். ஜெயஸ்ரீ அதை லேப்டாப் திரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினாள்.

“எலியோடதா?”

“சுண்டெலிம்மா. பொறக்கறதுக்கு முந்தியே எடுத்த குட்டி.”

குப்பம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். மகள் ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன செய்கிறாள் என்று இதுவரை கேட்டதில்லை. இன்று மகளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள்.

வாசலில் அப்பா கோதண்டம் குழம்புக்குச் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கடலுக்குப் போகாத நாளில் வீட்டில் சமையல் அவருடையதுதான். அதற்காக அவரைக் கிண்டல் செய்யாத ஆள் குப்பத்தில் இல்லை.

ஜெயஸ்ரீ விரலை நகர்த்தினாள். கத்தி படாமல், தலைமுடியைவிட மெல்லிய அடுக்குகளாக அந்த இதயம் திறந்துகொண்டே போனது. கீழே இரண்டு அறைகள். நடுவில் ஒரு சுவர்.

அடுத்த படத்தில் வேறொரு குட்டி. அதில் சுவர் பாதியிலேயே நின்றிருந்தது.

“இங்க பாரும்மா. ஓட்டை.”

குப்பம்மா விரலை நீட்டினாள். திரையைத் தொடவில்லை.

“வெற்றிக்கு இருந்தது இதானா?”

வெற்றி, ஜெயஸ்ரீயின் தம்பி. வைத்த பெயரைக் கூப்பிட்டுப் பழகுவதற்குள் போய்விட்டவன். அப்போது அவளுக்கு நான்கு வயது. அப்பா மண்ணில் விழுந்து அழுதது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இன்றைக்கும் வருடம் தவறாமல், புதைத்த இடத்தில் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டு வருவார்.

எட்டாம் மாதம் அம்மா கீழே விழுந்ததால்தான் பிள்ளை அப்படிப் பிறந்தது என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். குப்பம்மா ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அந்தப் பழியைத் தீர்க்கத்தான் ஜெயஸ்ரீ இந்தப் படங்களைக் கொண்டு வந்திருந்தாள்.

“எலிக்கு நாள் கணக்கு, நமக்கு மாசக் கணக்கு. மத்தபடி வளர்றது ஒரே மாதிரிதான். இந்தச் செவுரு ரெண்டாம் மாசத்துலயே மூடிக்கணும். தம்பிக்கு அப்பவே மூடல. நீ விழுந்ததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா.”

“எட்டாம் மாசத்துல வயித்துல அடிபட்டாகூடவா?”

“அடிபட்டாகூட இந்த ஓட்டை வராது.”

குப்பம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள்கள் ஒருமுறை ஏறி இறங்கின. அழுவாள் என்று ஜெயஸ்ரீ நினைத்தாள். அழவில்லை.

“இரு, நைனாவையும் கூப்புடறேன். பாவம், அவருக்கும் மனசு ஆறும்.”

எழுந்தவளின் மணிக்கட்டைக் குப்பம்மா இறுக்கிப் பிடித்தாள். வலித்தது.

“வோணாம்.”

வாசலில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அது நிற்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல அவசரமாகப் பேசினாள்.

“நான் வியுந்தேன்னுதான் ஊருக்குத் தெரியும். குடிச்சிட்டு வந்து எட்டி ஒதைச்சது யாருன்னு அவருக்கும் எனக்கும்தான் தெரியும். புள்ளயத் தாந்தான் கொன்னுட்டதா நெனச்சிகினு கீறாரு. அத்தொட்டுதான் அதுக்கப்பறம் குடிச்சதில்ல, என் மேல கை வெச்சதில்ல. அது அப்டியே இருக்கட்டும்.”

தண்ணீர் நின்றது.

கோதண்டம் மீன் சட்டியோடு உள்ளே வந்தபோது லேப்டாப் மூடியிருந்தது.

“இன்னாம்மா, அம்மாவுக்கு இன்னா படம் காட்டிகினு இருந்த?”

ஜெயஸ்ரீ நிமிரவில்லை.

“எலி படம், நைனா.”