டிரைவரின் கைராசி

"ஏங்க, இது பச்சை ஏமாத்து வேலை இல்லையா?"

இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள் மனைவி. பஸ் டிரைவர் நிமிரவே இல்லை. நர்சரியில் வாங்கி வந்த செடியைத் தொட்டி மண்ணில் நட்டு அழுத்திக்கொண்டிருந்தார்.

தொட்டி, மாடிவீட்டு நர்ஸுடையது. தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக ஊருக்குப் போனவள், இரண்டு மாதம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் இருந்தது ஒரு காட்டுப்பூச் செடி. பெரிய மரங்களின் நிழலில் முளைப்பது. காட்டை வெட்டிச் சாலை போட்டபோது, புல்டோசருக்கு முன்னால் ஓடிப்போய் மண்ணோடு அள்ளி வந்தாளாம்.

"வெயில் ஆகாதுண்ணா. படிக்கட்டுக்கு அடியிலேயே இருக்கட்டும். மண்ணு மேல காய்ஞ்ச இலை போட்டு வைங்க. போச்சுன்னா இன்னொண்ணு கிடைக்காது."

டிரைவரும் கைக்குழந்தை மாதிரிதான் பார்த்துக்கொண்டார். மூன்றாவது வாரம் இலை பழுத்தது. ஐந்தாவது வாரம் செடி இருந்த தடமே இல்லை.

"அம்பது பேரை ஏத்திக்கிட்டு மலையே ஏறி இறங்குறீங்க. நகராத தொட்டி ஒண்ணைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியலையே!"

"நக்கல் பண்ணாதடி. அவ முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு நானே தவிச்சுக்கிட்டிருக்கேன்."

"உள்ளதைச் சொல்லிடுங்க."

"எப்படிச் சொல்றது? உனக்கு முதுகு பிடிச்சுக்கிட்டப்போ பத்து நாள் தவறாம இறங்கி வந்து ஊசி போட்டவ. அவ நம்பிக் கொடுத்த ஒரே செடியைக் கொன்னுட்டேன்னா?"

நர்சரிச் செடிக்கும் ஏறக்குறைய அதே இலை. வெள்ளையாக ஒரு பூ வேறு. 'யாராலும் கண்டுபிடிக்க முடியாது' என்று கடைக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார்.

நர்ஸ் வந்தாள். தொட்டியையே பார்த்தாள். குனிந்து அந்த வெள்ளைப் பூவைத் தொட்டாள்.

"பூத்தே இருக்கே! எவ்வளவு நல்லாப் பார்த்துக்கிட்டிருக்கீங்கண்ணா!"

போன உயிர் திரும்பி வந்தது டிரைவருக்கு. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினாள்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலை மாடியிலிருந்து குரல்.

"அண்ணா, அண்ணி! சீக்கிரம் வாங்களேன்!"

நர்சரிச் செடிக்குப் பக்கத்திலேயே புதுசாக ஒரு தளிர். டிரைவர் குனிந்து பார்த்தார். அந்தப் பழைய செடியின் இலையேதான். செத்தது எப்படி எழுந்து வந்தது?

"ஒண்ணு கொடுத்தேன், ரெண்டாக்கிட்டீங்க. எல்லாம் உங்க கைராசிண்ணா!"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கூரையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு டிப்போவில் யார் வீட்டுச் செடி வாடினாலும் அவர்தான் வைத்தியர். "மண்ணு, உரம் எல்லாம் அப்புறம்ப்பா. கைராசி வேணும்!"

அடுத்த கோடை வந்தது. தங்கை குழந்தையைப் பார்க்க நர்ஸ் மறுபடியும் பெட்டி கட்டினாள். தொட்டியைக் கொண்டுவந்து டிரைவர் கையில் கொடுத்தாள்.

"நான் இருக்கேன், நீ நிம்மதியாப் போயிட்டு வாம்மா" என்றார் டிரைவர், தெம்பாக.

வாசல் வரை போனவள் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணா, இந்தக் காட்டுச்செடி வருஷா வருஷம் கோடையில இலையை உதிர்த்துட்டு மாசக்கணக்கா மண்ணுக்குள்ள தூங்கும். போன தடவை அதைச் சொல்லாமப் போனது என் தப்பு. இந்தத் தடவை நர்சரிக்கெல்லாம் அலையாதீங்க!"