மருந்து அடிக்காத வீடு

ஆற்றில் புதுத்தண்ணீர் வருவதற்குள் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் பூச்சிமருந்து அடித்தாக வேண்டும். எல்லாம் ஒரே சுவரைப் பங்கு போட்ட பழைய வீடுகள். ஒரு வீட்டில் அடித்தால், அங்கிருக்கும் பூச்சி, எலி எல்லாம் மருந்து நெடி தாங்காமல் சுவர்ப் பொந்து வழியே அடிக்காத வீட்டுக்குக் குடிபோய்விடும்.

மூத்தவளுக்கு அடுத்த வீட்டில் அவள் ஓரகத்தி, சின்னவள், இருந்தாள். பாகத்தகராறில் அவளோடு பேச்சு முறிந்திருந்த மூத்தவள், போன வருஷம் மருந்துக்காரரிடம் வாய் கூசாமல் சொன்னாள்: "பக்கத்துல யாரும் இல்லைங்க. ஊருக்குப் போயிருக்காங்க." சின்னவள் அப்போது உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். எலிகள் அந்தப் பக்கம் போயின. எலிகளின் பின்னாலேயே பாம்பும் போனது. சின்னவளைப் பாடையில் தூக்கிக்கொண்டு போனபோது மூத்தவள்தான் எல்லாரையும்விட உரக்க அழுதாள். அன்றிலிருந்து அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது.

இந்த வருஷம் மருந்துக்காரர் தெருமுனையில் திரும்பியதுமே மூத்தவள் வாசலுக்கு வந்து நின்றாள். அவர் நேராக அடுத்த வீட்டுக்குள் போனார். கதவு திறந்திருந்தது. பம்பு அடிக்கும் சத்தம் அறை அறையாக நகர்ந்தது. வேலையை முடித்து வெளியே வந்தவர், உள்ளே திரும்பிக் கேட்டார்: "பெரியவங்க வீட்டுல இருக்காங்களாம்மா?"

"அங்க யாரும் இல்லைங்க" என்றது சின்னவளின் குரல். "ஊருக்குப் போயிருக்காங்க."

"ஐயோ, நான் இங்கதானே நிக்கிறேன்!" மூத்தவள் அலறினாள்.

மருந்துக்காரர் அவளைத் தாண்டிப் போய் அதற்கடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்.

அவளுக்குப் பின்னால், கூடத்துச் சுவரிலிருந்து மண் பொலபொலவென்று உதிர ஆரம்பித்தது.