நிழல் வேண்டி ஒரு மனு

"இடிக்காதீங்க சார். உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்" என்றார் வாத்தியார்.

கான்ட்ராக்டர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மூன்று வருஷமாக அதே காலை உடைக்கப் போவதாகச் சொல்லி வந்தவர் அல்லவா பக்கத்து வீட்டு வாத்தியார்.

"அது எப்படி சார்? மாடியைக் கட்டினது தப்புன்னு கேஸ் போட்டது நீங்க. இடிக்கணும்னு தீர்ப்பு வாங்கினதும் நீங்க. நாளைக்குக் காலையில ஆள் வருது. நான் சட்டத்தை மதிக்கிறவன்."

அவர் சட்டத்தை மதிக்கும் அழகு தெருவுக்கே தெரியும். அனுமதியில்லாமல் இரண்டாவது மாடியை அவர் எழுப்பிய அன்றே வாத்தியார் தோட்டத்தில் வெயில் செத்தது. அடுத்த மாதம் ரோஜாக்களும் போய்ச் சேர்ந்தன.

வாத்தியார் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். கான்ட்ராக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். சுவரோரமாக மண். மண்ணில் ஒற்றை இலை.

"கீரையா?"

வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு அதன் ஜாதகத்தை ஒப்பித்தார். மலைக்காட்டு நிழலில் மட்டும் வளரும் செடி. விதை போட்டு வளர்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். விதையை ஈர மணலில் கலந்து மூன்று மாதம் ஃபிரிட்ஜில் வைத்திருந்தார். முட்டை வைக்க இடமில்லை என்று மனைவி ஒரு வாரம் பேசவில்லை. அந்த வாரத்தைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை. முதல் வருஷம் மண்ணுக்குள் வேர் மட்டும். வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிற கிறுக்கன் என்று பெயர் வாங்கினார். இப்போதுதான் பன்னிரண்டு செடியிலும் ஆளுக்கொரு இலை. பூக்க இன்னும் நாலு வருஷம். ஒரு வாரம் நேர் வெயில் பட்டால் எல்லாம் கருகிவிடும்.

"பெயர்த்து வேற இடத்துல வைக்க வேண்டியதுதானே?"

"வேர் அசைஞ்சா செத்துடும் சார்."

"பந்தல்?"

"அந்தப் புழுக்கம் தாங்காது. உங்க சுவர் குளிர்ச்சிதான் வேணும்." வாத்தியார் செல்போன் திரையை வேட்டி நுனியால் துடைத்தார். "முகம் தெரியாத ஒரு புண்ணியவான் அனுப்பின விதை சார். பேரைக்கூடப் போடலை. அப்படியும் மனுஷங்க இருக்காங்க."

கான்ட்ராக்டர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். தனக்குச் சம்மதம்தான், ஆனால் கோர்ட்டுக்கு என்ன பதில் சொல்வது என்றார்.

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து சமரச மனுவை எடுத்தார். மாடி எந்நாளும் இருக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. கையெழுத்துகூடப் போட்டிருந்தார்.

கான்ட்ராக்டர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, வேண்டாவெறுப்பாக வாங்குகிறவர் போல வாங்கிக்கொண்டார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். கதவைத் தாழிட்டதும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, அந்த விதையில மிச்சமிருக்கிற பொட்டலத்தை எடுத்து, பின்வீட்டு டாக்டர் விலாசம் எழுது. அனுப்புறவர் பேர் வேண்டாம். அவரும் கேஸ் போடப் போறாராம்."