தூக்கிக் கொடுத்த யானை

"ஜெயிச்சது உன் தெறமையா தம்பி, குருட்டு அதிர்ஷ்டமா?"

சதுரங்கப் பலகையை விரித்தபடி கேட்டார் மதார் சாகிப். வண்ணாரப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்.

தங்கப்பாண்டிக்குச் சுருக்கென்றது. தடையை மீறித் துறைமுகக் கிரேன் உச்சியில் யாரோ செங்கொடி ஏற்றியதைத்தான் ராயபுரமே பேசிக்கொண்டிருந்தது. கொடி ஏறிய அதே சாயங்காலம் வாசகசாலைச் சதுரங்கப் போட்டியில் அவன் ஜெயித்த இறுதி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

"அதிர்ஷ்டமா? நல்லா பாருங்க பாய்." காய்களை அடுக்கினான். "இங்க என் ராஜா மாட்டிக்கினான். ஒதுங்க ஒரு கட்டம் கெடையாது. யானையைத் தூக்கிக் குடுத்தேன்."

"அத்த யோசிக்கவே அரை மணி ஆயிருக்குமே?"

"யோசிக்கிறதா? பட்டுனு வெச்சிட்டு எழுந்து பூட்டேன். எதிராளிதான் தலைய புடிச்சிக்கினு ஒரு மணி நேரம் குந்திகினு இருந்தான். திரும்பி வந்து ஒரே குதிரை. ஆட்டம் குளோஸ்!"

சாகிப் அந்த யானையைக் கையில் எடுத்தார்.

"ஆட்டம் முடியிற வரைக்கும் நீ எடத்த வுட்டு அசையலன்னுதானே ஸ்டேஷன்ல எங்க கிட்ட அத்தினி பேரும் சாட்சி சொன்னாங்க? அந்த ஒரு மணி நேரம் எங்கடா போயிருந்த?"

கிரேன் ஏணியில் தோல் உரிந்த உள்ளங்கையைத் தங்கப்பாண்டி மெல்ல மடக்கிக்கொண்டான். வாசலில் பூட்ஸ் சத்தம் வந்து நின்றது.

இந்த முறை தூக்கிக் கொடுக்க அவனிடம் யானை இல்லை.