பச்சைக் கொம்பு

"செத்த ஆட்டோட ஃபோட்டோ இருக்கோ?"

கால்நடை டாக்டர் ஸாதனா கேட்டதும், ஷைலஜா இல்லையென்று தலையாட்டினாள்.

"போனும் வெள்ளத்துல போச்சு, டாக்டரே."

பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் வெள்ள நிவாரண முகாமுக்கு அன்றுதான் கடைசி நாள். மழையும் கடலும் சேர்ந்து மட்டாஞ்சேரிச் சந்துகளில் ஏறிய காலையில், ஷைலஜாவின் இரண்டு ஆடுகளும் கொட்டகைக்குள்ளேயே மூழ்கிச் செத்துப்போயின. பால் விற்ற காசில்தான் மகள் ரோஜா பிளஸ் டூ வரை வந்திருந்தாள். செத்த ஆடுகளுக்கு உதவித்தொகை கிடைத்தால் ஒரு கறவை ஆடாவது வாங்கலாம். கிடைக்காவிட்டால் ரோஜாவின் படிப்பு இதோடு சரி.

"ஃபோட்டோ வேணும் சேச்சி. அதுல கொம்பு நிறம் தெரியணும். இல்லேன்னா அது உங்க ஆடுதான்னு நான் எப்படி எழுதறது?" என்றார் ஸாதனா. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண். குரலில் கடுமை இல்லை.

அவர் கேட்டதும் நியாயம்தான். அங்கே ஆடுகள் பகலெல்லாம் கடைத்தெருவில் திரிந்து, பொழுது சாய்ந்தால் தாமாக வீடு திரும்பும். அடையாளத்துக்கு வீட்டுக்கொரு நிறம் கொம்பில் பூசியிருக்கும். ஷைலஜா வீட்டுக்கு ரோஸ். எதிர்வீட்டு ராஜப்பன் வீட்டுக்குப் பச்சை. அதுவும் போதாதென்று, சின்ன ஆட்டின் கழுத்தில் ரோஜா தன் பழைய ஐடி கார்டு நாடாவைக் கட்டி அழகு பார்த்திருந்தாள்.

ஸாதனா சற்று யோசித்தார். "சரி, பொதைச்சது யாரு? அவர் வந்து எழுதிக் குடுத்தாலும் போறும்."

ஷைலஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எதிர்வீட்டு ராஜப்பண்ணன், டாக்டரே. அவரு மனுஷனே இல்ல, தெய்வம்."

மூச்சு விடாமல் சொன்னாள். கூப்பிடாமலே வந்தாராம். 'நீ பாக்காதே மோளே, தாங்க மாட்டே' என்று இவளை உள்ளே அனுப்பிவிட்டு, தன் கைவண்டியில் ஆடுகளை ஏற்றிக்கொண்டு போய்த் தனியாளாகப் புதைத்தாராம். கூலி வாங்கவில்லை, ஒரு சாயாகூடக் குடிக்கவில்லை. புதைத்ததைச் சுகாதாரப் பிரிவுக்கு எழுதிக் கொடுக்கும் அலைச்சலையும் அவரே ஏற்றுக்கொண்டாராம். அவர் நீட்டிய தாளில் இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு கையெழுத்துப் போட்டதோடு சரி.

"ராஜப்பனா?" ஸாதனா ஃபைலைப் புரட்டினார். "அவருக்கும் ரெண்டு ஆடு போயிருக்கே. நேத்தே பாஸ் ஆயாச்சு."

ஷைலஜா திகைத்துப்போனாள். ஆடுகளைக் கும்பளங்கியில் தங்கை வீட்டில் விட்டிருப்பதாகத்தானே சொன்னார்? இவள் மனசு இன்னும் நோகக் கூடாதென்று மறைத்திருக்கிறார். தன் ஆடுகள் செத்துக் கிடந்த அன்றைக்கா இவளுடைய ஆடுகளைத் தூக்கிச் சுமந்தார்?

"அவரோட ஃபோட்டோவைப் பாருங்கோ. எத்தனை தெளிவா எடுத்திருக்கார்."

ஷைலஜா குனிந்து பார்த்தாள். கைவண்டியில் இரண்டு ஆடுகள் அருகருகே கிடந்தன. நனைந்த ரோமம், புதுப் பெயிண்ட்டில் மினுங்கும் பச்சைக் கொம்புகள். சின்னதின் கழுத்தில் ஒரு நீல நாடா. நாடாவில் ரோஜாவின் பள்ளிக்கூடப் பெயர்.

"டாக்டரே," அவள் அந்த நாடாவின்மேல் விரலை வைத்தாள். "இது ரெண்டும் என் ஆடு."

ஸாதனா அவளையே ஒரு கணம் பார்த்தார். பிறகு ஃபைலில் அடுத்த பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

'ராஜப்பனின் இரண்டு ஆடுகளும் வெள்ளத்தில் செத்துக் கிடந்ததை நேரில் கண்டேன்' என்ற வரிக்குக் கீழே, சாட்சியின் இடத்தில், ஷைலஜாவின் கையெழுத்து இருந்தது.